புதன்கிழமைப் புழு

பன்னிரண்டு மணிக்குள் ஓர் எண் எழுத வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. ஒன்று என்றோ இரண்டு என்றோ போனில் தட்டிவிட்டால் இன்றைய பாடு முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தின்றுவிட்டுக் காலை நீட்டலாம், சுடலைவடிவு எந்த மூடியைத் திறந்தாள் எதைத் திறக்கவில்லை என்று ஒரு நாயும் கேட்கப்போவதில்லை. ஆனால் திறந்துவிட்டேனே. உப்புக்கிட்டங்கித் தெருவின் முதல் வீடு, வாசலில் நீல டிரம், டிரம்மின் மேல் பலகை, பலகையின் மேல் ஒரு செங்கல். நாலு வருஷமாக இந்தத் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க வருகிறேன், அந்தச் செங்கலை நான் தொட்டதே இல்லை. இன்றைக்கு எடுத்துக் கீழே வைத்தேன், பலகையை நகர்த்தினேன், டார்ச்சை அடித்தேன், உள்ளே நெளிகிறது. ஒன்றிரண்டு இல்லை. வெளிச்சம் பட்டதும் தலைகீழாகக் குத்திக்கொண்டு அடிக்குப் போகின்றன, கொஞ்ச நேரம் கழித்து மூச்சு விட மேலே வருகின்றன, பார்க்கப் பார்க்க எனக்கு முழங்கை வரைக்கும் கூசுகிறது. இந்தச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு பூஜ்யத்தையும் போட்டுவிட்டு நான் நடையைக் கட்டிய நாளிலெல்லாம் உள்ளே இவை குடும்பம் நடத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற தெரு, சனங்கள் டிரம்மில் பிடித்து வைக்காமல் கடலையா குடிப்பார்கள். கரண்டியால் மொண்டு பார்த்து, மருந்தை ஊற்றி, சுவரில் தேதி எழுதினேன். பூஜ்யம் போடக் கை தானாகவே வளைந்தது, பழக்கம், அதை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். இன்னும் முப்பத்தொன்பது வீடு இருக்கிறது.

இரண்டு. அந்த எண்ணை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அருள்தாசன் சார். எங்கள் மேற்பார்வையாளர், கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் உண்டு, அந்த ஆளுக்கும் மேலே ஆள் உண்டு. நூறு வீட்டுக்கு ஐந்து வீட்டுக்கு மேல் புழு இருந்தால் ஆபத்து என்று கணக்கு, நாற்பது வீட்டுக்கு இரண்டு. “ரெண்டத் தாண்டாதிய வடிவு. தாண்டினா, போன வாரம் என்னத்தக் கிழிச்சியன்னு என்னையக் கேப்பாவ. நான் உங்களக் கேக்கணும். நமக்குள்ள எதுக்கு.” நமக்குள்ள எதுக்கு என்று நாங்கள் பன்னிரண்டு பேரும் இரண்டைத் தாண்டாமல் எழுதினோம். தினமும் ஒரே எண்ணை எழுதினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் பூஜ்யம், ஒரு நாள் இரண்டு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி யோசித்து யோசித்து வைத்தோம், நிஜமாகப் பார்ப்பதைவிட அது கஷ்டமான வேலை. அப்புறம்தான் ஷர்மிளா பானு மேடம் சென்னையிலிருந்து வந்தார்கள், சின்ன வயசு, மரியாதையான பெண், சுவரில் மாவட்டத்தின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள், தெருத் தெருவாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. “இந்த இயந்திரத்துக்கு நாம எதையும் சொல்லிக் குடுக்குறதில்ல. எந்த வாரம் எவ்வளவு மழை, எவ்வளவு வெயில், ஆஸ்பத்திரிக்கு எத்தனை காய்ச்சல் வந்துது, நீங்க எத்தனை வீட்ல புழு பார்த்தீங்க, இதையெல்லாம் பார்த்து அதுவாவே கத்துக்கும். கத்துக்கிட்டு, அடுத்த ரெண்டு வாரத்துல எந்தத் தெருவுல டெங்கு பரவும்னு முன்கூட்டியே சொல்லும்.” அப்போ அதுக்கு வாத்தியார் யார் மேடம் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, “நீங்க பன்னெண்டு பேரும்தான்” என்றார்கள். பிளஸ் டூவில் கணக்கில் கோட்டை விட்ட எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை வந்தது. அடுத்த வருஷம் மறுபடி வந்தார்கள், முகமெல்லாம் வெளிச்சம், “உங்க வார்டுல புதன்கிழமை மட்டும் புழு கொஞ்சம் கூடுது, நம்ம கண்ணுக்குத் தெரியாத விஷயம், இயந்திரம்தான் கண்டுபிடிச்சுது” என்றார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் திறக்கிறார்களா, வாரச்சந்தை கூடுகிறதா, மீன் லாரி வந்து நிற்கிறதா என்று விசாரித்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் இருந்த செல்வமேரி என் தொடையைக் கிள்ளினாள். புதன்கிழமை அருள்தாசன் சார் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்விடுவார், ஏசுவதற்கு ஆள் இருக்காது, அதனால் அன்றைக்கு மட்டும் நாங்கள் தைரியமாக இரண்டு போடுவோம். அதுதான் புதன்கிழமைப் புழு. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள், இது கேட்டுக்கொண்டதோடு விடவில்லை, நெய் எந்தக் கிழமை அதிகம் வடிகிறது என்றும் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. என் புருஷன் என்னை நம்பினதில்லை, பெற்ற மகள் நம்பினதில்லை, ரேஷன் கடைக்காரன் நம்பினதில்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டது இந்த உலகத்தில் அந்த ஒரு இயந்திரம்தான்.

ஏழாவது வீட்டில் ஆட்டுரல் குழியில், ஒன்பதாவது வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில், பதினோராவது வீட்டில் மாடியில் கிடந்த டயரில். மாடிப்படி ஏறி எத்தனை நாள் ஆயிற்று, முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் கொடுக்கிறது. நாலு ஆகிவிட்டது. இரண்டைத் தாண்டியாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் போனால் என்ன முழம் போனால் என்ன, நாலு என்றாலும் நாற்பது என்றாலும் ஏச்சு ஒன்றுதான், இந்த நினைப்பு வந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. அந்த லேசு பதினாலாவது வீட்டு வாசல் வரைக்கும்தான் நின்றது. ரெஜினாவின் வீடு. ரெஜினா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நான் கரண்டியில் மொண்டு காட்டியதை எட்டிப் பார்த்துவிட்டு, “நேத்து வரைக்கும் இல்லாத புழு இன்னைக்கு வந்துட்டாக்கும்? நீங்கதானக்கா போன வாரம் சைபர் போட்டுட்டுப் போனிய. சொவத்துல பாருங்க” என்றாள். சுவரில் இருந்தது. என் கையெழுத்துப் பூஜ்யம், கொழுக்கட்டை மாதிரி, வரிசையாக எட்டு வாரத்துக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது ஒரு வேளைக்கு, நான் மறைத்தது இவள் வீட்டுச் சுவரிலேயே வரிசையாக நிற்கிறது. “போன வாரம் நான் பாக்கல ரெஜினா” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கேலிதான் செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை, “உள்ள வந்து ரெண்டு பிள்ளையளையும் பாருங்க அப்ப” என்றாள். பாயில் இரண்டும் கிடந்தன, மூத்தது கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறதாம், சின்னது எதையும் சொல்லாமல் உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. கையை வைத்தால் சுடுகிறது. மூன்று நாளாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாளாம். மருந்துக்கடை மாத்திரை எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் காய்ச்சல், நான் எழுதினால்தான் புழு, இரண்டும் இல்லை என்றால் இந்த வீடே அந்த இயந்திரத்துக்கு இல்லை. “இப்பவே ஆட்டோ பிடி, ரத்தம் பாக்கச் சொல்லு, மாத்திரைய நிப்பாட்டு” என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உடனே துண்டை எடுத்தாள்.

பயமாக இருக்கிறது, இல்லை என்று யாரிடம் நடிக்க. எட்டு வாரமாக வார்டு முழுக்கப் பச்சையாம், அதனால் எங்கள் பன்னிரண்டு பேரையும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்போகிறார்கள், அங்கேதான் சிவப்பாம். இன்றைய பன்னிரண்டு மணிப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள், திங்கள்கிழமையிலிருந்து இந்தத் தெருவுக்கு ஆள் கிடையாது, மருந்து கிடையாது, புகை கிடையாது. இன்னும் ஒரு மாதத்தில் மழை. அந்தப் பக்கம் எழுதுகிறவர்கள் ஒருவேளை உண்மையை எழுதுகிறார்களோ என்னவோ, உண்மை எழுதினால் சிவப்பு, பொய் எழுதினால் பச்சை, பச்சைக்குப் பாராட்டு, சிவப்புக்கு ஏச்சு, அப்புறம் எவள் உண்மை எழுதுவாள். நேற்றுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன், இந்த இரண்டு கையாலும்தான். தட்டிக்கொண்டிருக்கும்போதே மாரிக்கனியின் நினைப்பு வந்தது. வராமல் ஒரு நாள் போனதில்லை, ஆனால் கைதட்டும்போது வந்தது நேற்றுத்தான்.

நாற்பதாவது வீடு அவளுடையது. இருபத்தாறு வயசு, கல்யாணமாகி மூன்று வருஷம், லிங்கதுரையின் பெண்டாட்டி, நான் தெருவில் நுழைந்ததும் “யக்கா, உள்ள வந்து பாத்துட்டுப் போங்க, பொறவு ஏசாதிய” என்று கூப்பிடுவாள், “நீ சுத்தமாத்தாம்ட்டி வச்சிருப்ப” என்று சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிவிடுவேன். போன ஐப்பசியில் அவள் அம்மா ஊரில் கோயில் கொடை, புருஷனும் பெண்டாட்டியும் நாலு நாள் போயிருந்தார்கள். பதினாலாம் தேதி நான் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டு என்று எழுதியிருக்கலாம், போனில் வீட்டுப் பட்டியலில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது, ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஆறு பூட்டு, அதற்கு மேல் போனால் அதற்கும் ஒரு கேள்வி வரும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று தட்டினேன். ஒரு தட்டுத்தான், வடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவர்கள் ஊரிலிருந்து திரும்பி ஆறாவது நாள் அவளுக்குக் காய்ச்சல், மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் பெரியாஸ்பத்திரி, அப்புறம் நான் தெருவுக்குள் வரும்போது வாசலில் பந்தல். மேலதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், அதற்குள் யாரோ டிரம்மையெல்லாம் கவிழ்த்துக் கழுவிவிட்டார்கள், பார்ப்பதற்கு என் எழுத்துத்தான் மிச்சம். பதினாலாம் தேதி இல்லை. “உங்க வீட்ல புழு இல்லையே, வெளியூர் எங்கயும் போனீங்களா” என்று லிங்கதுரையைக் கேட்டார்கள். கொடைக்குப் போனதைச் சொன்னான். “அங்கதான் கடிச்சிருக்கு” என்று எழுதிக்கொண்டார்கள். நான் இரண்டடி தள்ளி நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சாவு அந்த ஊர்க் கணக்கில் ஏறியது, படத்தில் அந்த ஊர் இரண்டு வாரம் சிவப்பாக இருந்தது, இந்தத் தெரு பச்சை. பதினாறாம் நாள் விசேஷத்தில் லிங்கதுரை மாமியாரைப் பார்த்து, உங்க ஊர்க் கொசுதான் எம் பொண்டாட்டியக் கொன்னுட்டு, வந்து கொடை பாரு கொடை பாருன்னு கூப்பிட்டியளே என்று எல்லார் முன்னாலும் சொன்னானாம். அன்றைக்குப் போன அந்த அம்மாள் அப்புறம் இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. மகளையும் கொடுத்துவிட்டுப் பழியையும் சுமந்துகொண்டு எங்கேயோ இருக்கிறாள். மாரிக்கனியைக் கடித்தது எந்த ஊர்க் கொசு என்று எனக்குத் தெரியாது, அந்த டிரம்மில் புழு இருந்ததா இல்லையா என்று தெரியாது, இனிமேல் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. தெரியாது வேறு, இல்லை வேறு. நான் தெரியாததை இல்லை என்று எழுதினேன். பத்து மாதமாக அந்த வீட்டு வாசலுக்கு நான் போகவில்லை, கதவு திறந்து கிடக்கும்போதெல்லாம் பூட்டு என்றே எழுதிக்கொண்டு வருகிறேன்.

இருபது, இருபத்தைந்து, முப்பது. மருந்து தீர்ந்து இரண்டாவது பாட்டிலை உடைத்தாயிற்று. தேங்காய்ச் சிரட்டையில், பூச்சாடித் தட்டில், கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் லிப்டுக் குழியில், அங்கே மட்டும் ஓர் ஊருக்குப் போதுமான புழு. கணக்கு எட்டு, ஒன்பது, பதினொன்று. முதுகு விட்டுப்போயிற்று, ஆனால் மனசு சண்டைக்கு நிற்கிற ஆள் மாதிரி முன்னாலேயே போகிறது. அருள்தாசன் சார் என்ன சொல்வார் என்று ஒத்திகை பார்க்கிறேன். வேலை போயிரும் வடிவு என்பார். போகட்டும். இது என்ன ராஜாங்க வேலையா, வருஷா வருஷம் ஒப்பந்தம், அதுவும் அவர்கள் இஷ்டம். போகட்டும் என்று சொல்லும்போது நாக்கு உலர்கிறது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சரி, உலரட்டும், உலர்ந்த நாக்கோடும் சொல்லலாம். நீ ஒருத்தி உண்மை எழுதினா மத்த பதினோரு பேரும் பொய்யர் ஆயிடுவாவளே என்பார். ஆகத்தான் வேண்டும் சார், நீங்களும் சேர்த்துத்தான். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, நான்தான் முதல், என் பெயரை முதலில் போட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றிப் பேசவே கூடாது. செல்வமேரிக்கு மூன்று பிள்ளைகள். அவள் எழுதுவதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். என் நாற்பது வீட்டுக்கு நான். முப்பத்தேழு, பதின்மூன்று. முப்பத்தெட்டில் இல்லை, முப்பத்தொன்பதில் இல்லை, நன்றாகக் குனிந்து பார்த்தேன், இல்லைதான். மணி பதினொன்றே கால். கால் இரண்டும் நாற்பதாவது வீட்டைத் தாண்டி நாலடி போய்விட்டன, பழக்கம். திரும்பி வந்தேன்.

லிங்கதுரைக்குத் துறைமுகத்தில் வேலை, காலையில்தான் ஷிப்டு முடித்து வந்திருப்பான், முற்றத்தில் குந்தி உட்கார்ந்து காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். “டிரம்மப் பாக்கணும் தம்பி” என்றேன். “பாருங்க. பத்து மாசமா எல்லா வீட்டுக்கும் போறிய, இங்க மட்டும் வர மாட்டுக்கியளேன்னு நெனச்சேன்.” டிரம்மின் வாயில் பழைய நூல்சேலையை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டியிருந்தான், அவள் சேலைதான், மாதுளை நிறம், அவள் கட்டிப் பார்த்திருக்கிறேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவன் எழுந்து வந்து அவிழ்த்துக் கொடுத்தான். டார்ச்சை அடித்து, கரண்டியால் மூன்று இடத்தில் மொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சுத்தமான தண்ணீர். அடி வரைக்கும் தெரிகிறது. நாலு வருஷத்தில் இந்த வீட்டுக்கு நான் பார்த்துப் போடுகிற முதல் பூஜ்யம் இது. போட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகச்சொல்லித்தான் கால் இழுத்தது. “தம்பி, போன ஐப்பசி பதினாலாம் தேதி நான் உங்க வீட்டப் பாக்கல” என்றேன். “பூட்டிக் கெடந்துது. டீக்கடைல இருந்துக்கிட்டு இல்லன்னு எழுதிட்டேன்.” அவன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான், பிழிந்து முடித்த பிறகும் பிழிந்தான். “அப்ப இங்கயும் இருந்திருக்கலாம்.” “இருந்திருக்கலாம். தெரியாது.” “அத்த ஊர்லதான்னு எழுதிட்டுப் போனாவளே.” “நான் எழுதினத வச்சுத்தான் எழுதினாவ.” “இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா.” “சொல்லிருக்கணும்.” அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏசியிருந்தால்கூடப் பதிலுக்கு அழுதிருப்பேன், அவனோ சட்டையை உதறிக் கொடியில் போட்டான், காலரை நேராக்கினான். அப்புறம் உள்ளே போய்த் தினசரி நாட்காட்டியிலிருந்து இன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். “எழுதித் தாங்க” என்றான். இந்தத் தாள் ஒருநாள் எந்த மேசைக்குப் போகும், என்னை என்ன செய்யும் என்று யோசிக்க ஒரு நொடி ஆனது, ஒரு நொடிதான். தாளின் பின்பக்கத்தில், பதினாலாம் தேதி நான் இந்த வீட்டைப் பார்க்கவில்லை, புழு இல்லை என்று எழுதியது பொய், அவர் மனைவிக்கு எங்கிருந்து நோய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதினேன். அவன் விரல் வைத்து வாசித்தான். “பேர முழுசாப் போடுங்க” என்றான். சுடலைவடிவு என்று போட்டு, அடியில் அடையாள அட்டை எண்ணையும் போட்டேன்.

அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். பார்த்த வீடு நாற்பது, புழு உள்ள வீடு பதின்மூன்று, அனுப்பு. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. இந்த எண் இப்பகுதியின் வழக்கமான அளவைவிட மிக அதிகம். தவறாக இருக்கலாம். மீண்டும் சரிபார்க்கவும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டே சிரித்துவிட்டேன், உள்ளேயிருந்து அவன் எட்டிப் பார்த்தான். இரண்டு வருஷம் டீக்கடையிலிருந்து எழுதியதை ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கினாயே, புதன்கிழமைப் புழுவைக்கூட விழுங்கினாயே, முதல்தடவையாக மூடியைத் திறந்து பார்த்து எழுதினால் உனக்குச் சந்தேகம் வருகிறதா. உன்மேல் கோபப்பட்டு என்ன, உனக்கு வாத்தியார் நான்தானே, நான் சொல்லிக்கொடுத்ததைத்தானே ஒப்பிக்கிறாய். இப்போது கேள், மறுபாடம் எடுக்கிறேன். உறுதி என்று அழுத்தினேன். காரணம் கேட்டது. மழை, திருவிழா, புதுக் கட்டுமானம், பதிவுப் பிழை, மற்றவை. பதிவுப் பிழை என்கிற இடத்தில் விரல் ஒருதரம் நின்றது, அதை அழுத்தினால் அருள்தாசன் சாரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன், பிழையில் யார் பெயரும் வராது. மற்றவையை அழுத்தினேன். ஒரு கட்டம் வந்தது. முன்பு நான் எழுதியவை பார்க்காமல் எழுதியவை, இது பார்த்து எழுதியது, இவ்வளவுதான் கொண்டது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அது போய்ச் சேர்ந்தது.

பன்னிரண்டுக்குப் படம் வந்தது. பச்சை. நான் சிவப்பை எதிர்பார்த்தேனா, எதிர்பார்த்தேன்தான், மஞ்சளாவது வரும் என்று நினைத்தேன். தெரு முழுக்கப் பச்சை, ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி, என் பதின்மூன்றை ஒதுக்கி வைத்துவிட்டது. அதற்குள் போன் அடித்தது, அருள்தாசன் சார். “ஏம்மா, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா. நல்லவேளை, அது உங்கள நம்பல. படம் பச்சையாத்தான் இருக்கு, கையெழுத்தாயிட்டு. சாயந்தரத்துக்குள்ள அத மாத்தி ரெண்டுன்னு போட்டுருங்க, நான் ஒண்ணும் பாக்காத மாதிரி இருந்துக்கிடுதேன்.” அவர் குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது, என்னைவிட அவருக்குத்தான் பயம், அது தெரிந்ததும் என் நாக்கு ஈரமாகிவிட்டது. “மாத்த மாட்டேன் சார். பதிமூணு வீட்டுலயும் கண்ணால பாத்தேன். மருந்தும் ஊத்திட்டேன். ரெண்டு பிள்ளையளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கேன், நாளைக்கு அதுவும் கணக்குல ஏறும்.” “திங்கக்கெழமைல இருந்து நீங்க அந்தத் தெருவுலயே கெடையாதும்மா.” “அந்தப் பக்கம் ஒம்பது மணிக்குத்தான வேலை. ஆறு மணிக்கு இங்க வந்து பாத்து எழுதிட்டு அங்க வாரேன். எழுதவிடாம போனப் பிடுங்கினா சொவத்துல எழுதுதேன். அது நம்புற வரைக்கும் எழுதுவேன் சார்.” “வேலை போயிரும் வடிவு.” “தெரியும் சார்.” அவர் இன்னும் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, லிங்கதுரை போனில் பேசிக்கொண்டிருந்தான், பத்து மாதமாகக் கூப்பிடாத ஒருத்தரைக் கூப்பிடுகிற குரல், தடுக்கித் தடுக்கி வந்தது. “அத்த, நாந்தான். வச்சிராதிய. ஒரு தாள் இருக்கு, வாசிக்கேன், கேளுங்க.”